ஏவல்வரியும் ஏவல் வினையும்

செங்கற்பட்டை அடுத்த பரனூர்ப் பக்கத்தில் எழுந்துள்ள மகீந்திரா நகரத்துக் கூடங்களிலும், மாமல்லபுரம் நோக்கிச் செல்லும் பழைய சாலையோரத்துச் சிறுசேரி மென்பொருட் பூங்காவிலும் நாள்தோறும் பல்லாயிரவர் கணினிமுன் அமர்கின்றனர். அவர்களுள் பெரும்பாலோர் தமிழ் மக்கள். அவர்கள் உண்பது தமிழ்நாட்டுச் சோறு. உறங்குவது தமிழ்நாட்டு மண்ணில். ஆனால் காலை முதல் மாலை வரை அவர்கள் கணினிக்கு இடும் ஏவல்களில் ஒன்றையேனும் தமிழில் விளக்கிச் சொல்லும் பத்துப் பக்கச் சுவடி ஒன்று அவர்கள் மேசைமீது இருப்பதில்லை. திருக்கழுக்குன்றத்திலும் சதுரங்கப்பட்டினத்திலும் தமிழ்வழிப் பயின்று, கல்லூரியில் ஆங்கிலத்தோடு மல்லாடி, அங்குச் சென்று சேரும் இளைஞன் ஏவல்களைப் பொருளறிந்து கற்பதில்லை, மந்திரம்போல் உருவிடுகிறான். ஒரு வரியை எங்கிருந்தோ படியெடுத்து ஒட்டுகிறான். அது வேலை செய்தால் மகிழ்கிறான். செய்யாவிட்டால் வேறொரு வரியைத் தேடுகிறான். இக்கேட்டைப் பற்றித் தமிழறிஞரும் எண்ணுவதில்லை. கணினி வல்லாரும் எண்ணுவதில்லை.

எடுத்துக்காட்டிற்கு ஒரு கருவியைக் கொள்வோம். சென்கின்சு என்பது அதன் பெயர். மென்பொருள் ஆக்கும் நிறுவனங்கள் ஞாலமெங்கும் பயன்படுத்தும் தன்னியக்க வழங்கி அது. நிரல் எழுதுவோர் பலர் தத்தம் பகுதியை எழுதி ஒரு பொதுக் களஞ்சியத்தில் இடுவர். இட்ட ஒவ்வொரு முறையும் அவற்றை எடுத்து, ஒன்றாகக் கட்டி, ஆய்வுகளை ஓட்டி, பிழை கண்டால் இன்னார் இட்ட மாற்றத்தால் பிழை நேர்ந்தது என அறிவித்து, பிழையில்லையேல் பயன்படும் இடத்தில் கொண்டுபோய் நிறுத்துவது அவ்வழங்கியின் தொழில். மாமல்லையின் கல்தச்சுக் கூடத்தில் மாணாக்கர் செதுக்கிய உறுப்புகளை ஒவ்வொரு மாலையும் நூலிட்டு அளந்து பார்க்கும் மூத்த தச்சரின் வேலையை ஒத்தது அது. ஆனால் இது மாலை வரை காத்திராது. இட்ட நொடியே அளக்கும்.

சப்பானியராகிய கோசுகே காவகுச்சி என்பார் சன் மைக்ரோசிசுடம்சு நிறுவனத்தில் பணியாற்றியபோது 2004-இல் இதனை ஆக்கத் தொடங்கினார். அப்போது அதன் பெயர் அட்சன். 2010-இல் அந்நிறுவனத்தை ஆரக்கிள் விலைக்கு வாங்கியது. பெயருரிமை யாருக்கு என்ற பூசல் எழுந்தது. கருவியை ஆக்கி வளர்த்தோர் 2011 சனவரியில் வாக்கெடுத்து, அப்பெயரை உதறிவிட்டுச் சென்கின்சு என்ற புதுப்பெயரைச் சூட்டிக்கொண்டனர். இரு பெயரும் ஆங்கிலச் செல்வர் மனைகளில் ஏவலர் தலைவனுக்கு வழங்கத்தக்க பெயர்கள். ஏவியதைச் செய்பவன் என்பது கருத்து.

இவ்வரலாற்றில் தமிழர் கருதத்தக்க செய்தி இன்னொன்றும் உண்டு. தலைமை வழங்கிக்கு உதவியாக நின்று வேலை செய்யும் பிற கணினிகளைத் தொடக்கத்தில் அடிமை என்னும் பொருள்படும் ஆங்கிலச் சொல்லால் குறித்தனர். 2016-இல் வெளிவந்த இரண்டாம் பதிப்பில் அச்சொல்லை நீக்கி, முகவர் என்னும் பொருள்படும் சொல்லை வைத்தனர். ஆண்டான் என்னும் பொருள்படும் சொல்லையும் 2020-இல் நீக்கி, இயக்குவோன் என்ற பொருளுடைய சொல்லை ஏற்றனர். ஆங்கிலத்தார் தம் சொல் இழுக்குடைத்து எனக் கண்டதும் மாற்றிக்கொண்டனர். பல்லாயிரம் கோப்புகளில் ஊறிப்போன சொல்லாயிற்றே, மாற்றினால் குழப்பம் வருமே என்று அவர் மலைத்துப் பின்வாங்கவில்லை. தமிழில் ஒரு நல்ல சொல்லை ஆக்கித் தந்தால், பழகிப்போன சொல்லை எப்படி மாற்றுவது என்று கைபிசையும் நம்மவர் இதனை ஒருகணம் எண்ணிப் பார்ப்பாராக.

இனி, அக்கருவியை ஏவல்வரியில் தொடங்கும் முறையைக் காண்போம். கணினித் திரையில் கறுத்த ஒரு சாளரம். அதில் ஒரு சுட்டி மின்னி நிற்கும். படமில்லை, பொத்தானில்லை. எழுத்தால் எழுதி ஏவ வேண்டும். இதனைக் கலைச்சொல் தொகுதிகள் கட்டளைவரி என்று பெயர்த்துள்ளன. அது பிழையன்று. ஆயினும் கட்டளை என்பது அளவு, அச்சு, உரைகல் எனப் பல பொருள் சுமக்கும் சொல். முன்னிலையில் நிற்பானை ஒன்று செய்யுமாறு பணிப்பதற்கு இலக்கணம் இட்ட பெயர் ஏவல். ஆகலின் ஏவல்வரி என்பதே இங்குப் பொருத்தம்.

பெயர்ப் பொருத்தம் மட்டுமன்று; தமிழ் ஏவலின் இயல்பே இவ்விடத்திற்கு அளவெடுத்துத் தைத்ததுபோல் அமைந்துள்ளது. தமிழில் வினைப்பகுதி எதுவோ அதுவே ஏவல் ஒருமை. நட, வா, திற, மூடு, கட்டு, நிறுத்து: ஒரு விகுதியும் வேண்டா. பகுதிகளை இருபத்துமூன்று ஈறுகளில் அடக்கிக் காட்டும் நன்னூல், ஏவல் வாய்பாட்டில் வைத்தே அவற்றைக் காட்டுகிறது. ஏவலைத் தனிச்சொல்லாக, பகாப்பதமாக நிறுத்தும் மொழிக்கு, கணினிக்கு ஏவல் சொல்ல எதுவும் குறைவில்லை. கட்டு, பட்டியலிடு, நிறுத்து என்றால் முடிந்தது. ஆனால் தமிழில் வந்துள்ள மென்பொருள் முகப்புகளைப் பாருங்கள்: சேமிக்கவும், திறக்கவும், மூடவும், அழுத்தவும் என்று வரிக்கு வரி ‘உம்’ கொட்டுகின்றன. கணினிக்கு மாந்தன் இடும் ஏவலில் இவ்வளவு பணிவு எதற்கு? ஏவலனுக்கு ஏவல் போதும். கணினி மாந்தனைப் பார்த்துச் சொல்லும் இடத்தில் மட்டும் வியங்கோளோ பன்மை ஏவலோ வரட்டும். ‘கடவுச்சொல்லைத் தருக’ என்று அது கேட்கட்டும். யார் யாரை ஏவுகிறார் என்ற வேறுபாட்டை மொழியிலேயே காட்டவல்லது தமிழ். ஆங்கிலத்திற்கு அவ்வாய்ப்பு இல்லை.

சென்கின்சைத் தொடங்கும் வரி மிகச் சிறியது. முதலில் சாவா என்ற பெயர். அதன்பின் ஒரு சிறுகோடும் சார் என்ற குறிப்பும். அதன்பின் கருவி அடங்கிய கோப்பின் பெயர். இவ்வளவே. சாவா என்பது சென்கின்சு ஓடுவதற்கு நிலமாக நிற்கும் இயக்கச் சூழல். கருவியின் எப்பதிப்பிற்குச் சாவாவின் எப்பதிப்பு வேண்டும் என்பதை முன்னரே பார்த்துக்கொள்ளுதல் வேண்டும். பொருந்தாவிடின் முதலடியிலேயே நின்றுவிடும்.

இவ்வரியை நீட்டும்போதுதான் இலக்கணம் தேவைப்படுகிறது. வழங்கி, தன்னைக் காண வருவார்க்கு 8080 என்னும் எண்ணுடைய துறையில் காத்து நிற்கும். அத்துறையில் வேறு நிரல் ஏற்கெனவே நின்றால் இதற்கு இடமில்லை. அப்போது 9090 என்னும் துறைக்கு மாறுக எனச் சொல்லவேண்டும். அதனைக் கோப்பின் பெயருக்குப் பின்னே, இரு சிறுகோடிட்டு எழுதவேண்டும். சாவாவின் எழுத்துமுறை இன்னது என்று சொல்லவேண்டுமாயின், அதனைச் சார் என்னும் குறிப்பிற்கு முன்னே எழுதவேண்டும். இடம் மாறினால் பயனில்லை. ஏன்? ஆங்கிலக் கையேடுகள் இதனை ஒரு பட்டியலாகப் போட்டுவிட்டுச் சென்றுவிடும். மாணவனும் காரணம் அறியாமலே படியெடுப்பான். தமிழில் சொன்னால் ஒரு நொடியில் விளங்கும். அவ்வரி ஒருவனிடம் சொல்லும் ஒரே சொற்றொடர் அன்று. வாயிற்காவலனிடம் சொல்லும் சொல்லும், உள்ளிருப்பானுக்கு அவன்வழிச் சொல்லியனுப்பும் சொல்லும் கலந்த தொடர். ‘சாவாவே, எழுத்தை இம்முறையில் படி, படித்து, இக்கோப்பைத் திற, திறந்து, உள்ளிருப்பவனிடம் 9090-ஆம் துறையில் நிற்கச் சொல்.’ முன்னது சாவாவுக்கு, பின்னது சென்கின்சுக்கு. காவலனுக்குரிய சொல்லை உள்ளிருப்பானுக்குச் சொல்லியனுப்பினால் காவலன் அதனைக் காதில் வாங்கான். நேர்கூற்றும் அயற்கூற்றும் கற்ற எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு இது புரியாதா?

சொற்பிரிப்பும் அவ்வாறே. ஏவல்வரியில் இடைவெளிதான் சொல்லைச் சொல்லினின்று பிரிப்பது. துறையின் பெயர், சமக்குறி, எண் மூன்றையும் இடைவிடாது ஒட்டி எழுதவேண்டும். அழகுக்காக இருபுறமும் இடம் விட்டால் ஒரு சொல் மூன்றாகச் சிதறிப் பொருள் கெடும். பிரித்தெழுதியும் சேர்த்தெழுதியும் பொருள் மாறும் தொடர்களைப் புணர்ச்சி இலக்கணத்தில் ஆண்டுக்கணக்காகக் கற்பிக்கும் தமிழாசிரியர், அப்பாடத்தின் நடுவே இவ்வொன்றையும் சேர்த்துச் சொன்னால் வகுப்பு விழித்துக்கொள்ளும். தமிழ்ப் பிள்ளைக்கே உரிய இடர்ப்பாடு ஒன்றும் உண்டு. தமிழில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற பாகுபாடு இல்லை. இலினக்சு இயக்கத்திலோ கோப்பின் பெயரில் ஓரெழுத்துப் பெரிதாயினும் அது வேறு பெயர். துறையைக் குறிக்கும் சொல்லின் நடுவேகூட ஒரு பெரிய எழுத்து ஒளிந்து நிற்கிறது. இதனை முதல்நாளே எச்சரிக்காத ஆசிரியர் மாணவனின் ஒரு மாலைப்பொழுதை வீணாக்குகிறார்.

துறை என்ற சொல்லைப் பற்றி ஒரு வழக்கு உண்டு. ஆங்கிலச் சொல்லின் வேர் இலத்தீனில் வாயிலைக் குறிப்பது, துறைமுகத்தைக் குறிப்பது வேறொரு சொல், எனவே வாயில் என்றே பெயர்க்கவேண்டும் என்பர் சிலர். வேர் பார்த்தால் அவர் சொல்வது மெய்யே. ஆயினும் துறையே சிறந்தது. ஓர் ஆற்றுக்கு நீராடுதுறை, படகுத்துறை, நீர்முகக்கும் துறை எனப் பல துறைகள் உண்டு. ஆறு ஒன்று, இறங்கும் இடம் பல, இடந்தோறும் வேலை வேறு. கணினியும் ஒன்றே, அதில் எண்ணிட்ட துறைகள் 65,535 வரை. அவற்றுள் 1024-க்குக் குறைந்த எண்ணுடையவற்றை இலினக்சில் பொதுவாக முதற்பயனரே திறக்க முடியும், பிறர்க்கு உரிமையில்லை. கடல்மல்லையில் பல்லவர் கலம் நின்ற துறையை அறிந்தவர்க்கு வாயில் என்னும் சொல்லைக் காட்டிலும் இது நெருக்கமானது. வேரை அறிவது நன்று. ஆனால் பெயர்க்கவேண்டியது வேரையன்று, வேலையை.

இதனை மறந்து அகரமுதலியை மட்டும் நம்பிப் பெயர்ப்பவரால் தமிழுக்கு நேரும் இழிவு சிறிதன்று. சென்கின்சு அடங்கிய கோப்பின் பெயர் ‘வார்’ என்று முடிகிறது. அதனைக் கண்டதும் போர்க்கோப்பு என்று பெயர்த்தால் கற்றவர் நகையாரா? அது வலைத்தொகுப்பு என்னும் பொருளுடைய ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துக் கோவை. ‘சார்’ என்பதும் சாடியன்று; சாவாத் தொகுப்பு. பின்னணியில் ஓயாது ஓடும் நிரலை ஆங்கிலத்தில் குறிக்கும் சொல்லைப் பேய் என்று எழுதினால் அச்சந்தான் வரும், அறிவு வராது. தமிழால் இயலாது என்று கூறும் பகைவர்க்கு இத்தகைய பெயர்ப்புகளே படைக்கலம் கொடுக்கின்றன. தனித்தமிழ் என்பது கண்ணை மூடிக்கொண்டு பெயர்ப்பதன்று. பொருளை உணர்ந்து, உணர்ந்ததைத் தன் சொல்லால் சொல்வது. பொருளறியாது ஆக்கிய தூய சொல்லும், பொருளறியாது ஒட்டிய ஆங்கில வரியும் ஓரினத்தவை.

ஆனால் பெயர்க்கவே கூடாதவையும் உண்டு. கருவியின் பெயர் ஓர் ஆளின் பெயர்போன்றது. அதனை ஏவலன் என்று மாற்றுவது முறையாகாது. தமிழெழுத்தில் எழுதுவதே முறை. அயலெழுத்தை நீக்கித் தமிழெழுத்தால் வழங்குக என்பது தொல்காப்பியர் காட்டிய நெறி. அந்நெறிக்குச் செங்கற்பட்டு மாவட்டத்திலேயே கல்லிற் பொறித்த சான்று இருக்கிறது. மாமல்லபுரத்தில் தருமராசர் தேர் எனப்படும் ஒற்றைக்கல் தளியில் பல்லவ வேந்தனின் பட்டப்பெயர்களை வடமொழியில், கிரந்த எழுத்தில் வெட்டியிருக்கிறார்கள். அதற்கும் முற்பட்டது செங்கற்பட்டை அடுத்த வல்லத்துக் குடைவரை. முதலாம் மகேந்திரன் காலத்தில் அவனுக்குக் கீழ்ப்பட்ட சிற்றரசன் மகன் கந்தசேனன் என்பான் செய்வித்தது அது. அங்குள்ள கல்வெட்டு தமிழ். வேந்தன் பெயரையும் அங்கு மயேந்திரன் என்றே, தமிழ் ஒலிக்கேற்ப எழுதியிருக்கிறார்கள். அரசன் பெயரையே தன் எழுத்தில் தன் நாவிற்கேற்ப எழுதிய தமிழன், ஏவலன் பெயரைச் சென்கின்சு என்று எழுதினால் யாருக்கு என்ன குறை வந்துவிடும்? திரையில் தட்டும்போது அதன் மூல எழுத்துகளைத் தட்டத்தான் வேண்டும். அதனை யாரும் மறுக்கவில்லை. வகுப்பில் பேசும்போதும் தாளில் எழுதும்போதும் தமிழொலி போதும்.

எழுத்துமுறை என்று மேலே சொன்னது விரித்துரைக்கத்தக்கது. ஏனெனில் தமிழுக்கு நேர் இடர் அங்கேதான் இருந்தது. தமிழ் என்ற சொல்லில் எழுத்து மூன்று. இது தொல்காப்பியர் கணக்கு. ஒருங்குறிக் கணக்கில் அதுவே ஐந்து குறிகள்: த, ம, இகரக் குறி, ழ, புள்ளி. அவற்றை இன்று பெருவழக்காய் உள்ள முறையில் கோப்பில் எழுதும்போது ஒவ்வொரு குறிக்கும் மும்மூன்று எண்ணுறுப்புகள், ஆகப் பதினைந்து. எழுதியவன் ஒரு முறையிலும் படிப்பவன் வேறு முறையிலும் நின்றால், மூன்றெழுத்துத் தமிழ் பதினைந்து அயற்குறிகளாகத் திரையில் சிதறும். அல்லது ஐந்து வினாக்குறிகளாக நிற்கும். வினாக்குறியாக மாறிய எழுத்தை மீட்க வழியே இல்லை. அது அழிந்தது அழிந்ததே.

சாவா மொழியில் முகப்புச் சொற்களை வைக்கும் கோப்புகள் நெடுங்காலம் மேலையைரோப்பிய எழுத்துமுறையையே ஏற்றன. அதில் தமிழுக்கு இடமில்லை. அகரத்தை அகரமாக எழுத முடியாது. அதன் எண்ணைச் சாய்கோட்டுடன் எழுத வேண்டும். ஒரு தமிழ்ச் சொற்றொடரை எழுதினால் கோப்பில் காண்பது எண்களின் குவியல். தன் தாய்மொழியில் தான் எழுதியதைத் தானே படிக்க இயலாத நிலை. 2017-இல் வந்த ஒன்பதாம் பதிப்பில்தான் அக்கட்டு அவிழ்ந்தது. கோப்புகளைப் பொதுவாகப் படிக்கும் முறையும் எந்தக் கணினியிலும் ஒன்றாகவே இருக்கும் என்ற விதி 2022-இல் வந்த பதினெட்டாம் பதிப்பில் அமைந்தது. ஆகவே முன்பு தமிழில் வரவில்லை என்று சொன்னவர் ஓரளவு மெய் சொன்னார். இன்றும் அதையே சொல்பவர் பழைய பாட்டைப் பாடுகிறார். திரையில் காட்டும் எழுத்துக்கு மட்டும் இன்னும் இயக்கத்தின் மொழிச்சூழலைச் சரிபார்க்கவேண்டும். இலினக்சில் இந்தியத் தமிழுக்கும் இலங்கைத் தமிழுக்கும் தனித்தனி மொழிச்சூழல்கள் உண்டு. அவற்றுள் ஒன்றையோ, பொது ஒருங்குறிச் சூழலையோ வைத்துவிட்டால் வழங்கி காட்டும் பிழைச்செய்தியில் தமிழ்ப் பெயர் தமிழாகவே நிற்கும்.

எனில் வேலைகளுக்குத் தமிழ்ப் பெயர் இடலாமா? இடலாம், சிறிது அறிந்து இடவேண்டும். சென்கின்சில் ஒரு வேலைக்கு இடும் பெயரே வட்டில் ஓர் அடைவின் பெயராகும். அவ்வடைவுக்குள் ஓடும் பிற கருவிகளுள் பழையன சில, ஆங்கிலமல்லாத எழுத்தையும் இடைவெளியையும் கண்டால் இடறும். ஆகவே அடைவுப் பெயர் சுருக்கமாக இருக்கட்டும். காட்சிப்பெயர் என்று தனியே ஓரிடம் உண்டு, விளக்கம் எழுதவும் ஓரிடம் உண்டு. அவ்விரண்டிலும் முழுத் தமிழ் எழுதலாம். ‘ஊதியக் கணக்கு, இரவு ஆய்வு’ என்று காட்சிப்பெயர் இருந்தால் அதனைப் பார்க்கும் கணக்கரும் அறிவார், காவலரும் அறிவார். எல்லாம் அல்லது ஒன்றுமில்லை என்று அடம்பிடிப்பவர் ஒன்றுமில்லையோடு நின்றுவிடுவர்.

தொடங்குவோர் அடிக்கடி திகைக்கும் இடம் இன்னொன்று. சென்கின்சு தன் அமைப்புகள், வேலைகள், மறைச்சொற்கள் யாவற்றையும் ஓர் அடைவில் வைத்துக்கொள்ளும். அதற்கு வீடு என்றே பெயர். எவர் தொடங்கினாரோ அவரது அடைவுக்குள், புள்ளியை முதலாகக் கொண்ட மறைபெயரில் அவ்வீடு அமையும். நேற்று ஒரு பயனர் தொடங்கி, இன்று வேறொரு பயனர் தொடங்கினால், அது புதுவீடு கட்டிக்கொண்டு வெறுங்கையோடு நிற்கும். நேற்றுச் செய்த வேலையெல்லாம் அழிந்தது என்று தலையில் அடித்துக்கொள்வோர் உளர். அழியவில்லை; பழைய வீட்டில் அப்படியே இருக்கிறது. வீடு எது என்பதைச் சூழல்மாறியில் முன்கூட்டியே சொல்லிவைத்தால் இத்திகைப்பு வாராது. முதன்முறை தொடங்கும்போது அவ்வீட்டின் மறை அறையில் ஒரு கடவுச்சொல்லை எழுதிவைத்துத் திரையிலும் அது காட்டும். கணினியின் உரிமையாளனே வந்திருக்கிறான் என்று உறுதி செய்துகொள்ளும் வழி அது. சாளரத்தை மூடினால் வழங்கியும் நின்றுபோகும் என்பதையும் சொல்லவேண்டும். இடையறாது ஓடவேண்டுமாயின் இயக்கத்தின் பணிமேலாளரிடம் ஒப்படைக்கவேண்டும். இலினக்சுத் தொகுப்புகளில் 2022-இல் இம்முறை மாறிற்று. அதற்கு முன் துறையெண்ணை எழுதிவைத்த பழைய கோப்பை இன்று எழுதினாலும் அது படிப்பதில்லை. பழைய கையேட்டைப் படியெடுக்கும் மாணவன், எண்ணை மாற்றினேன், மாறவில்லையே என்று முட்டிக்கொள்வது இதனால்தான்.

இவையெல்லாம் அலுவலகத்துச் சிறு தொல்லைகள்தாமே, இவற்றுக்காக மொழிப்போர் எதற்கு என்று கேட்பார் உண்டு. அவர்க்கு 2024-ஆம் ஆண்டைக் காட்டவேண்டும்.

சென்கின்சுக்குத் தொலைவிலிருந்து ஏவல் அனுப்பும் தனிக்கருவி ஒன்று உண்டு. அது ஏவலைப் படிக்கும் முறையில் ஒரு வழக்கம் இருந்தது: ஒரு சொல் ‘அட்’ எனப்படும் சுழிக்குறியில் தொடங்கினால், அதன்பின் வருவதைக் கோப்பின் பெயராகக் கொண்டு, அக்கோப்பில் உள்ளவற்றை எடுத்து அவ்விடத்தில் நிரப்பிக்கொள்ளும். எழுதுவார்க்கு உதவியாக வைத்த வசதி. ஆனால் அது நிரப்பியது ஏவியவன் கணினியின் கோப்பை அன்று, வழங்கியின் கோப்பை. உள்ளே நுழைய உரிமையில்லாதவன்கூட அக்குறியை இட்டு வழங்கியின் கோப்புகளில் முதற்சில வரிகளைப் படிக்க முடிந்தது. படிக்கும் உரிமை மட்டும் உள்ளவனோ முழுக்கோப்பையும் படிக்க முடிந்தது. ஒரே ஒரு குறி! 2024 சனவரி 24-ஆம் நாள் இப்பிழையை அறிவித்துத் திருத்திய பதிப்பையும் வெளியிட்டனர்.

திருத்தம் வந்தது, ஆனால் எல்லாரும் திருத்திக்கொள்ளவில்லை. அவ்வாண்டு சூலை இறுதியில் இந்தியாவில் ஏறத்தாழ 300 சிறு வங்கிகளுக்குத் தொழில்நுட்பப் பணி செய்யும் நிறுவனம் ஒன்று பிணைப்பணப் பகைநிரலால் தாக்குண்டது. சூலை 31 அன்று இந்தியத் தேசியப் பணக்கொடுப்புக் கழகம் அந்நிறுவனத்தைத் தன் வலையினின்று துண்டித்தது. மறுநாள் மீண்டும் இணைக்கும் வரை அவ்வங்கிகளின் வாடிக்கையாளர் பணம் எடுக்கவும் அனுப்பவும் முடியாது தவித்தனர். கூட்டுறவு வங்கிகள், ஊரக வங்கிகள். அங்குக் கணக்கு வைத்திருப்போர் பெருஞ்செல்வர் அல்லர். தாக்குதல் எங்கே தொடங்கிற்று என ஆய்ந்த தனியார் காப்பு ஆய்வு நிறுவனம் ஒன்று, அந்நிறுவனத்தோடு தொழில்தொடர்புடைய வேறொரு நிறுவனத்தில் ஒழுங்காக அமைக்காது விட்ட சென்கின்சு வழங்கியையும், மேற்சொன்ன சுழிக்குறிப் பிழையையும் சுட்டிற்று.

வழங்கியை அமைக்கும்போது சொல்லவேண்டிய ஏவல்களுள் ஒன்று, எந்த முகவரியில் காத்து நிற்கவேண்டும் என்பது. சொல்லாவிட்டால் அது எல்லா முகவரிகளிலும் நிற்கும். ஞாலத்தார் யாவரும் கதவைத் தட்டலாம். தன் கணினிக்குள் மட்டும் நில் என்று சொல்லவும் ஒரு குறிப்பு உண்டு. அக்குறிப்பை எழுதுவதும் எழுதாது விடுவதும் ஒரு சொல்லின் வேறுபாடு. வேலை செய்கிறதா என்று மட்டும் பார்ப்பவனுக்கு இரண்டும் ஒன்றே. ஏனெனில் இரண்டிலும் திரையில் வருவது ஒன்றே. பொருளறிந்தவனுக்குத்தான் அவ்வொரு சொல் ஊரகத்து முதியவளின் சேமிப்பைக் காக்கும் தாழ்ப்பாள் என்று தெரியும். தாய்மொழியில் பொருள் விளங்கக் கற்பதும், அயன்மொழியில் உருவிடுவதும் இங்கே எதிரெதிரே நிற்கின்றன. ஆங்கிலம் அறிந்தோரும் இப்பிழையைச் செய்தனரே எனலாம். செய்தனர், ஆங்கிலம் ஒருவனுக்குப் பொருளறிவைத் தானே கொண்டுவந்து தராது என்பதற்கு அதுவே சான்று.

2010-இல் அண்ணா பல்கலைக்கழகம் தமிழ்வழிப் பொறியியலைத் தொடங்கியபோது கட்டடவியலுக்கும் இயந்திரவியலுக்கும் இடம் கொடுத்தது, கணினியியலுக்குக் கொடுக்கவில்லை. கணினிக்குத் தமிழ் ஒத்துவராது என்ற எண்ணம் அன்று எவர் உள்ளத்தில் இருந்ததோ அறியோம். ஆனால் மேனிலைப் பள்ளியில் கணினி அறிவியற் பாடநூல் தமிழில் இருக்கிறது, தமிழ்ப் பிள்ளைகள் அதனைப் படித்துத் தேறுகிறார்கள். பள்ளிக்கும் பணியிடத்திற்கும் நடுவே உள்ள பாலந்தான் உடைந்து கிடக்கிறது. இதற்குப் பேரகரமுதலி வேண்டா. ஆயிரம் பக்கக் கலைச்சொற் களஞ்சியமும் வேண்டா. அவை அச்சேறிய நாளிலேயே பாதி பழையன ஆகிவிடுகின்றன. ஒரு கருவிக்கு ஒரு சுவடி போதும்: தொடங்கும் வரி ஒன்று, அதன் ஒவ்வொரு சொல்லும் யாரை நோக்கிச் சொன்ன சொல் என்ற விளக்கம், இடம் மாறினால் நேரும் பிழை, காக்கவேண்டிய கதவுகள். செங்கற்பட்டுக் கல்லூரிகளின் கணினித்துறை ஆசிரியர் ஒருவரும் தமிழ்த்துறை ஆசிரியர் ஒருவரும் ஒரு கோடை விடுமுறையில் ஒன்றாக உட்கார்ந்தால் எழுதிவிடலாம். முன்னவர் வரியைத் தட்டிக் காட்டட்டும். பின்னவர், இது யாருக்கு, இது எதற்கு, இதனை விட்டால் என்ன ஆகும் என்று விடாது கேட்கட்டும். முன்னவர்க்கு விடை தெரியாத இடங்கள் சில வரும். சுவடியில் முதலில் எழுதவேண்டியவை அவ்விடங்களே.